சீசனுக்கு ஒரு கடுதாசி

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தவர்கள், வாசலில் நிற்கும் அந்தத் தபால் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். பீட்சா கூப்பன், கூரை மாற்றித் தருகிறோம் என்ற விளம்பரம், கரண்ட் பில். இவற்றுக்கு நடுவே வழவழ தாளில் நாலு பக்கத்துக்கு ஒரு கடுதாசி. முகப்பில் ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். ஏதோ பல் டாக்டர் விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடப் போகும்போதுதான் கீழே எழுதியிருப்பது கண்ணில் படும்: உங்கள் மாநிலப் பிரதிநிதி. நம் கணக்கில் எம்.எல்.ஏ.

பருவத்துக்கு ஒன்றாக வரும் இந்தக் கடுதாசியில் மாறுவது முக்கியமாகச் சட்டைதான். குளிர்காலத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. வசந்தத்தில் தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் பாதி போட்ட ரோடு. கோடையில் கையை மடித்துவிட்ட சட்டை, கையில் ஐஸ்கிரீம். இலையுதிர் காலம் வந்தால் மடியில் பூசணிக்காய். சிரிப்பு மட்டும் நான்கு பருவத்துக்கும் பொது.

ஐம்பது மாநிலங்களிலும் இந்த வர்க்கம் உண்டு. ஆனால் அமோக விளைச்சல் என்றால் பென்சில்வேனியாதான். கீழவையில் 203 பேர், மேலவையில் 50 பேர். முழுநேரச் சட்டமன்றங்களில் நாட்டிலேயே இதுதான் பெரியது. கீழவை உறுப்பினர் ஒருவருக்குச் சுமார் 64,000 மக்கள். நம்மூரில் அது ஒரு நகராட்சி அளவுதான். பதவிக்காலமோ இரண்டே வருடம். பதவியேற்பு விழாவில் வாங்கிய பூங்கொத்து வாடுவதற்குள் அடுத்த தேர்தலின் நினைப்பு வந்துவிடும். ஆகவே அவர் யார், என்ன கட்சி என்பதையெல்லாம் விட, அவர் இருக்கிறார் என்பதை ஊருக்கு நினைவூட்டுவது முதல் வேலையாகிறது.

கட்சி என்றதும் ஒன்று. அந்த நாலு பக்கத்தை எத்தனை முறை புரட்டினாலும் கட்சியின் பெயர் கிடைக்காது. அரசுச் செலவில் அச்சாவது. அதில் ஓட்டுக் கேட்கக் கூடாது. சிரிப்பதற்கு மட்டும் தடை இல்லை. 2022 தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு 102, குடியரசுக் கட்சிக்கு 101 என்று ஓர் இடத்தில் ஆட்சி தொங்கியது. 2024-லும் மக்கள் அசராமல் அதே கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். மேலவையோ எதிர்த்தரப்பின் கையில். இங்கே நிறைவேறுவது அங்கே தூங்கும். அங்கே நிறைவேறுவது இங்கே தூங்கும். இப்படிப்பட்ட சபையிலிருந்து ஊருக்குக் கடுதாசி எழுதுகிறவர், நான் இன்ன சட்டம் கொண்டுவந்தேன் என்று எதைத்தான் எழுதுவார்? இரண்டு கட்சிக்காரர்களின் கடுதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூத்தோர் கண்காட்சி, கொசுத் தொல்லை, ரோட்டுப் பள்ளம். போட்டோவை மாற்றி ஒட்டினால் தபால்காரருக்குக்கூடத் தெரியாது.

சட்டமே போடுவதில்லை என்று சொன்னால் பாவம். 1965-ல் கிரேட் டேன் இனத்தை மாநில நாயாக அறிவித்தார்கள். குரல் வாக்கெடுப்புக்குச் சபாநாயகர் அழைத்ததும் அவையின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் குரைப்பும் உறுமலும் எழுந்ததாக ஒரு கதை இன்றும் அங்கே பெருமையாகச் சொல்லப்படுகிறது. 1974-ல் மின்மினி மாநிலப் பூச்சியானது. 1982-ல் பால் மாநிலப் பானமானது. 2019-ல் ஹெல்பெண்டர் என்ற பெரிய நீர்ப்பல்லி இனம் மாநில நீர்நில வாழ்வியானது. வழவழவென்று உடம்பெல்லாம் கோழையாக இருப்பதால் ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘சளி நீர்நாய்’. சுத்தமான ஓடையில்தான் அது பிழைக்கும் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் பிடிவாதமாக நின்று வாங்கிய சட்டம் அது. சளி நீர்நாய்க்குக் கட்சி கிடையாதே! அதனால் கடுதாசியில் தாராளமாக அரைப் பக்கம், வண்ணப் படத்தோடு.

மீதிப் பக்கங்களில்தான் சரக்கு இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

வசந்த இதழின் கதாநாயகன் சொத்துவரி, வாடகைத் தள்ளுபடித் திட்டம். 65 வயது தாண்டியவர்கள், 50 தாண்டிய துணையிழந்தவர்கள், 18 தாண்டிய மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குக் கட்டிய வரியில் அல்லது வாடகையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். 650 டாலராக இருந்த உச்ச வரம்பை 2023-ல் சட்டம் திருத்தி 1,000 ஆக்கினார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களின் வருமான வரம்பு 15,000 டாலரிலிருந்து ஒரே தாவாக 45,000 டாலருக்குப் போனது. ஓர் இடப் பெரும்பான்மைச் சபையிலும் நடந்த காரியம் இது. ஓட்டுப் போட்டவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்ததால், இரண்டு கட்சிக் கடுதாசியிலும் ‘நான்’ என்றுதான் இருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு மாநில லாட்டரியிலிருந்து. 1971-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய அந்த லாட்டரியின் லாபம் முதியோர் திட்டங்களுக்கே போகிறது. ஆக, எண்பது வயதுப் பாட்டி பெட்ரோல் பங்கில் நின்று சுரண்டல் சீட்டைச் சுரண்டித் தோற்கிறாள். தோற்ற காசு மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க் போய், ஜூலையில் தள்ளுபடியாக அவளுக்கே திரும்புகிறது. நடுவில் பிரதிநிதி போட்டோவில் நிற்கிறார்.

விண்ணப்பம் பி.ஏ.-1000 என்ற படிவம். அதை நிரப்ப ஆடிட்டரிடம் போனால் கட்டணம் கேட்பார். பிரதிநிதியின் அலுவலகத்தில் இலவசம். அலுவலகம் என்றதும் தூணும் படிக்கட்டும் கற்பனை செய்ய வேண்டாம். பீட்சாக் கடைக்கும் நெயில் சலூனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே மிட்டாய்க் கிண்ணம், மாநில வரைபடங்கள், மீன்பிடி விதிகள் புத்தகம், ஒரு அம்மாள். பிரதிநிதி மூன்று பேர் மாறியும் மாறாத அம்மாள். தொகுதி உண்மையில் இவர் கையில்தான் ஓடுகிறது.

“சோஷியல் செக்யூரிட்டித் தாள் கொண்டுவந்தீங்களா?”

“கொண்டுவந்தேன். ஆனா அதையும் சேர்த்தா என் வருமானம் வரம்பைத் தாண்டிடுமே.”

“பாதியைத்தான் கணக்குல எடுப்பாங்க. உட்காருங்க. போன வருஷம் மாதிரி கையெழுத்துப் போட மறந்துடாதீங்க.”

பெரியவர் உட்காருகிறார். மிட்டாய் இரண்டு எடுக்கிறார். சுவரில் சிரிக்கும் போட்டோவைப் பார்த்து, “இவர் வாஷிங்டன்லயா இருக்கார்?” என்கிறார். அந்த அம்மாள் நிமிராமலே “ஹாரிஸ்பர்க்” என்கிறார். எவ்வளவு கடுதாசி போட்டாலும் இந்த ஒரு சந்தேகம் மட்டும் தீர்வதே இல்லை. மத்திய அரசின் பென்ஷன் வரவில்லை என்றால் இவருக்குப் போன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் இவருக்குப் போன். ரோட்டில் பள்ளம் என்றால் சாலைத்துறையின் 1-800-ஃபிக்ஸ்-ரோடு எண்ணைக் கடுதாசியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். ஆனால் அது மாநில ரோடாக இருக்க வேண்டும். டவுன்ஷிப், அதாவது உள்ளூராட்சி, ரோடாக இருந்தால் கதை வேறு. பள்ளத்தில் விழுந்தவனுக்கு அது யாருடைய பள்ளம் என்றா தெரியும்?

மார்ச், ஏப்ரலில் இதழ் கொஞ்சம் உல்லாசமாகிவிடும். ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டிரவுட் மீன் சீசன் திறக்கிறது. வளர்த்த மீனை ஓடையில் விடுவது மீன்வள ஆணையம். பையனுக்குத் தூண்டில் கட்டிக் கொடுப்பதுபோல் போட்டோவில் நிற்பது பிரதிநிதி. இரண்டு பக்கம் தள்ளி, புள்ளிபோட்ட இறக்கைப் பூச்சி. ஆசியாவிலிருந்து வந்து 2014-ல் பெர்க்ஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. திராட்சைத் தோட்டங்களுக்கு எமன். பார்த்த இடத்தில் மிதியுங்கள் என்று மாநிலமே சொல்லிவிட்டது. பூச்சியை ஷூவால் மிதிக்கும் மக்கள் பிரதிநிதியின் படம் உலகில் வேறு எங்கே அச்சாகும்?

இன்னொரு நிரந்தரப் படம் ராட்சதச் செக். பிரதிநிதி ஒரு முனை, தீயணைப்புப் படைத் தலைவர் மறு முனை. நடுவில் அட்டையால் செய்த ஆளுயரச் செக். மாநிலம் 2004-ல் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்ததால் கேசினோ வருமானத்தில் ஒரு பங்கு உள்ளூர்ப் பணிகளுக்கு மானியமாக வருகிறது. தீயணைப்பு வண்டி, பூங்கா, சாக்கடை எல்லாம் அதில் அடக்கம். அங்கே பெரும்பாலான தீயணைப்புப் படைகள் தன்னார்வலர்களால் நடப்பவை. வண்டி வாங்கப் பொரித்த கோழி விருந்து போட்டுப் பணம் சேர்ப்பவர்கள். அவர்களுக்கு இந்த மானியம் நிஜமாகவே பெரிய காரியம். அந்தச் செக்கை எந்த வங்கியும் வாங்காது என்பது வேறு விஷயம்.

என்றாலும் பிரதிநிதியின் மெய்யான ஆட்சியைப் பார்க்க வேண்டுமானால் காகிதம் அரைக்கும் நாளுக்குத்தான் போக வேண்டும். அடையாளத் திருட்டு பயம் பிடித்த நாடு அது. பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கிழித்துப் போட்டால்கூடத் திருடன் ஒட்டிப் படித்துவிடுவான் என்று நம்புகிறார்கள். ஆகவே கோடை தொடங்கும் ஒரு சனிக்கிழமை, சர்ச் வாகன நிறுத்தத்தில் லாரி அளவு அரவை இயந்திரம் ஒன்று வந்து நிற்கும். ஒன்பது மணிக்கு என்று கடுதாசியில் போட்டிருக்கும். எட்டுக்கே கார்கள் ரோடுவரை வரிசை கட்டிவிடும். ஒரு காருக்கு இரண்டு பெட்டி, பைண்டர் கூடாது, கிளிப் இருந்தால் பரவாயில்லை.

பிரதிநிதி பளபளக்கும் பச்சை ஜாக்கெட் போட்டுக்கொண்டு கார் டிக்கியைத் திறந்து பெட்டி தூக்குகிறார். சட்டமன்றத்தில் இந்த வேகத்தை யாரும் பார்த்ததில்லை.

“இது எந்த வருஷத்து வரிக்கணக்கு?”

“ரீகன் அதிபரா இருந்தப்போ.”

“மூணு வருஷம் வெச்சிருந்தாலே பெரும்பாலும் போதுமே, ஐயா.”

“அது சரி, உங்க ஆளுங்களை நம்ப முடியுமா?”

இயந்திரம் கர்ரென்று அரைக்கிறது. பெரியவர் காரை விட்டு இறங்கி, தன் பெட்டிதான் உள்ளே போகிறதா என்று கடைசித் தாள்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். பின்னால் நாற்பது கார் காத்திருக்கிறது. ஹாரன் ஒன்றுகூட அடிக்கவில்லை. கல்வி மானியம் பற்றிப் பேச ஊர்க்கூட்டம் போட்டால் முன்வரிசையில் பத்துப் பேர், அதில் இருவர் சொந்தக்காரர்கள். காகிதம் அரைக்கக் கூப்பிட்டால் தொகுதியே திரள்கிறது. புத்திசாலிப் பிரதிநிதிக்கு இந்தக் கணக்கு முதல் வருடமே புரிந்துவிடும்.

நம்பர் பிளேட் நாளும் இதற்குச் சளைத்ததில்லை. பென்சில்வேனியாவின் பழைய பிளேட்டுகளில் வண்ணப்பூச்சு தோல் உரிவதுபோல் உரியும். படிக்க முடியாத பிளேட்டுக்குப் புதிது இலவசம். ஆனால் படிக்க முடியவில்லை என்று ஒருவர் சான்று சொல்ல வேண்டும். ஆகவே போலீஸ்காரர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்குகிறார். பிரதிநிதி பக்கத்தில் நின்று தானும் சுருக்குகிறார். இருவருக்கும் தெரியவில்லை. அரசு இயந்திரம் அசைகிறது.

உரிமை கோரப்படாத பணம் வேறு இருக்கிறது. மறந்துபோன வங்கிக் கணக்கு, வாங்காத கடைசிச் சம்பளம், பிரிக்காத பாதுகாப்புப் பெட்டகம் என்று மாநிலக் கருவூலத்தில் 400 கோடி டாலருக்கு மேல் தூங்குகிறது. உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள் என்று ஒவ்வொரு இதழிலும் ஒரு கட்டம். தேடிப் பார்த்து எழுபது டாலர் கிடைத்தவர், அந்தப் பணம் பிரதிநிதியின் பையிலிருந்து வந்ததாகவே ஊரெல்லாம் சொல்வார். அவரும் மறுப்பதில்லை.

இலையுதிர் காலம் வந்தால் ஃப்ளூ ஊசி, குளிருக்கு வீடு சூடாக்க உதவித்தொகை, மான்வேட்டை உரிமம். பெண்மான் உரிமத்துக்கு இளஞ்சிவப்பு உறையில் கவுண்டிக் கருவூலருக்கு விண்ணப்பம் அனுப்பும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. 2023-ல் அதை ஒழித்துவிட்டு ஆன்லைனுக்கு மாற்றினார்கள். அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டதை எந்தப் பக்கத்தில் அச்சிடுவது, எந்த வாக்காளரிடம் சொல்லாமல் இருப்பது என்பது ஒரு கலை.

2025-ல் இந்தக் கலைக்குக் கடும் சோதனை வந்தது. ஜூலை 1-க்குள் முடிந்திருக்க வேண்டிய மாநில பட்ஜெட் முடியவில்லை. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. பள்ளிகளும் கவுண்டிகளும் மாநிலப் பணம் வராமல் கடன் வாங்கின. கடைசியில் நவம்பர் 12 அன்றுதான் ஆளுநர் ஜோஷ் ஷாப்பிரோ கையெழுத்துப் போட்டார். 5,010 கோடி டாலர். முன்பு 2015-ல் தொடங்கிய இழுபறி ஒன்பது மாதம் ஓடியிருப்பதால், இது பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளவும் ஆள் இருந்தார்கள். அந்த நாலரை மாதமும் கடுதாசி நிற்கவில்லை. பட்ஜெட் பற்றி, ‘பொறுப்பான முடிவுக்காகத் தொடர்ந்து பாடுபடுகிறேன்’ என்று இரண்டு வரி. மூத்தோர் கண்காட்சி பற்றி ஒரு பக்கம், இலவச மாத்திரைப் பெட்டி உட்பட.

கையெழுத்தான மறுநாள் காலை பீட்சாக் கடைக்குப் பக்கத்து அலுவலகத்தில் பிரதிநிதியே முன்கூட்டி வந்து உட்கார்ந்திருந்தார். பட்ஜெட்டில் தொகுதிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தார். எட்டரைக்குப் போன் அடித்தது. அவரே எடுத்தார்.

“எங்க தெருவுல இலைக் குப்பை எடுக்கற வண்டி எப்ப வரும்?”

“அது டவுன்ஷிப் வேலைம்மா. நம்பர் தரேன், எழுதிக்குங்க.”