எம்.பி.ஏ. அண்ணை

ரொறன்ரோ போகும் காலை ரெயிலில் பிறம்ரனில் ஏறியதும் எம்.பி.ஏ. அண்ணை பக்கத்து இருக்கையில் தன் பையை வைப்பார். அடுத்த தரிப்பு பிறமலி. அங்கே அவருடைய பணிப்பாளர் ஏறுவார். பை மடிக்கு வந்துவிடும். பணிப்பாளருக்குப் பிடித்தது மேல்தட்டு. ஆபீஸ் நேரத்தில் அங்கே வாய் திறக்கக்கூடாது. கதைக்க முடியாத இடத்தில் எப்படிக் காக்காய் பிடிப்பது? மைக்கேல் போட்டரின் மூலோபாயப் புத்தகத்தை அட்டை தெரிய விரித்து வைத்துக்கொள்வார். யூனியன் ஸ்ரேசன் வரைக்கும் ஒரு பக்கமும் புரளாது.

ரொட்மன் வணிகப் பள்ளியா, சூலிக் வணிகப் பள்ளியா என்று நெடுநாள் தடுமாறி, வீட்டை ஈடுவைத்துப் படித்த படிப்பு. கூட்டத்தில் யாரோ சொன்ன யோசனையைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நாலு பெட்டியும் அம்புக்குறியும் கீறித் தன்னுடையதாகத் திருப்பிச் சொல்வார். மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றதில்லை. பணிப்பாளரோ அந்த அணியின் பக்தர். ஆகவே ஐஸ் ஹொக்கியில் ஒரு மண்ணும் விளங்காத அண்ணை திங்கட்கிழமைகளில் செத்தவீட்டு முகத்தோடு வேலைக்குப் போவார்.

மனேச்சர்களை வகுப்பறையில் செய்யமுடியாது என்று 2004இல் ஒரு புத்தகமே எழுதியவர் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ஸ்பேர்க். முன்னொரு காலத்தில் அவர் ஐந்து தலைமை அதிகாரிகளின் பக்கத்திலிருந்து பார்த்தாராம். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடங்கூடப் பிடிக்கவில்லை. மின்னஞ்சலில் யாருக்கெல்லாம் பிரதி போடுவது என்று யோசிக்கவே அண்ணைக்கு ஒன்பது நிமிடம் காணாது.

இவ்வளவு வித்தையோடும் பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். எதிரே நின்றவர், எழுபதுகளின் பாண் தட்டுப்பாட்டில் ஊர்ச் சங்கக்கடையை நடத்திய ஐயா. பொதுக்கூட்டத்தில் அண்ணை சங்கத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து எல்லாவற்றையும் திரையில் காட்டினார். ஐயா ஒன்றும் காட்டவில்லை. முதல்நாள் இரவே வீடு வீடாகப் போன் எடுத்து, பிள்ளைகளின் பெயர் சொல்லிச் சுகம் விசாரித்திருந்தார். கொத்துரொட்டி வாசம் வரத் தொடங்கியதும் எழும்பினார்.

“தம்பி நல்லாப் படிச்ச பிள்ளை. அவரை எங்கட ஆலோசகராப் போடுவம்.”

மண்டபம் கைதட்டியது. அண்ணையும் எழுந்து கும்பிட்டார். ஆலோசகருக்கு வாக்கு இல்லை என்று யாப்பில் இருக்கிறது. அந்த யாப்பை எழுதியதே ஐயாதான்.

மூலோபாய ஆலோசகர் என்று அன்றிரவே லிங்டினில் போட்டுவிட்டார் அண்ணை. முதல் ஆளாக விருப்பம் தெரிவித்தவர் பணிப்பாளர்.