அறுபது வரைக்கும் நம்பியிருக்கிறார்கள்

50 வயதுக்கும் 55 வயதுக்கும் நடுவில் கார் லைசென்ஸ் எடுத்தால் அது 60 வயது வரைக்கும் செல்லும். 30-க்குள் எடுத்தவர்களுக்கு 40 வரைக்கும், 30-க்கும் 50-க்கும் இடையில் எடுத்தவர்களுக்குப் பத்து வருடம். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது இப்படி வகுத்துவைத்தார்கள். எனக்கு வயது 51. ஆக, என்னைப் பழகிப் பார்த்திராத இந்திய அரசாங்கம் ஒன்பது வருடத்துக்கு என்னை நம்பிவிட்டது. என்னோடு ஒரே வீட்டில் இருப்பவர்களோ, வில்லாபுரத்திலிருந்து தெற்குவாசல் பாலம் வரைக்கும்கூட நம்பத் தயாராக இல்லை. அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

எல்.எல்.ஆர். காலத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததே இல்லை. எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் ஆனால்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். ஆறு மாதம் தாண்டினால் அது காலாவதி. அந்த இடைவெளியில் மதுரையிலேயே என்னைவிட நிதானமான டிரைவர் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். வண்டியை அவரும் நிறுத்த முடிய வேண்டும் என்பது விதி. "மேடம், நீங்க ஸ்டீயரிங்கை மட்டும் பாருங்க மேடம்" என்பார் மாஸ்டர். நான் ஸ்டீயரிங்கைப் பார்ப்பேன். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் போகும். அந்த நிதானமெல்லாம் மாஸ்டரின் காலில் இருந்தது என்பது சொந்த வண்டியில் ஏறிய பிறகுதான் புரிந்தது.

டெஸ்ட்டன்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். செகண்ட் போடச் சொன்னார், போட்டேன். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். ஆனாலும் பாஸ் என்று தெரிந்ததும் எனக்கு வந்த முதல் யோசனை, 'மனுஷர் இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்கலாமே' என்பதுதான்.

எல் போர்டு இருந்த வரைக்கும் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பாக, பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்து. அதைப் பார்த்ததும் ஷேர் ஆட்டோக்காரர்கள்கூடக் கோயில் மாட்டுக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கிப் போனார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் போர்டு போய்விடும். நேற்று ராத்திரி வரை கற்றுக்குட்டி, இன்று காலையிலிருந்து இருபது வருட அனுபவஸ்தருக்குச் சமம். நடுவில் படிக்கட்டே கிடையாது. ஜப்பானில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் மஞ்சளும் பச்சையுமாக ஒரு இளந்தளிர் அடையாளத்தை ஒரு வருடத்துக்கு வண்டியில் ஒட்டியாக வேண்டும். 1972-லிருந்து இருக்கிற ஏற்பாடு. சிங்கப்பூரிலும் முதல் வருடத்துக்குத் தனி அடையாளம் உண்டு. அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் ஆபீசில் சேருகிற ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கே இரண்டு வருடம் புரொபேஷன். ஃபைலைத் தூக்குவதற்கு இரண்டு வருடம் பார்க்கிறார்கள். காரை எடுப்பதற்கு ஒரு நாள்கூடப் பார்ப்பதில்லை. போர்டை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "அம்மா, அசிங்கமா இருக்கும்மா" என்று சொல்லி, என் மகன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டான்.

வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கார் ஓட்டுகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. அங்கே பிரேக் இல்லை என்று தெரிந்தும் மிதிப்பார். காலடி மேட்டில் அவர் மிதிக்கிற இடம் மட்டும் தனியாகத் தேய்ந்திருக்கிறது. வாயைத் திறந்தால் "பாத்து, பாத்து." எதைப் பார்ப்பது என்று சொல்ல மாட்டார். நான் சைக்கிள், நாய், ஸ்பீடு பிரேக்கர், எதிரே வருகிற தண்ணி லாரி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து முடிப்பதற்குள், "அதைத்தான் சொன்னேன்" என்பார். பின் சீட்டிலிருந்து அத்தை, "அவன்தான் ஓட்டட்டுமே தாயி, நீ எதுக்குக் கஷ்டப்படுற?" என்பார். அக்கறையில்தான் சொல்கிறார். கஷ்டம் யாருக்கு என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

வீட்டுக்குள் கிடைக்காத ஊக்கம் தெருவில் கிடைக்கும். தெற்கு மாசி வீதியில் ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். அதுவரை கண்ணில் படாத நாலு பேர் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். ஒருவர் கையில் டீ கிளாஸ் இருக்கும். "வரட்டும், வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்கக்கா... இன்னும் ஒடிங்க... ஃபுல்லா!" இன்னொருவர் அந்தப் பக்கம் நின்று, "அட, ரைட்ல ஒடிக்கச் சொல்லுப்பா" என்பார். இருவரும் ஒரு முடிவுக்கு வரும் வரைக்கும் நான் நடுவில் காத்திருப்பேன். கடைசியில் டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். நின்றுகொள் என்று அர்த்தம். இறங்கி நன்றி சொல்லலாம் என்று பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். டீ ஆறிவிடும் அல்லவா?

அப்படி இறங்கி நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலது பக்கம் உட்காருவதால், இடது பக்கம் எங்கே போய் முடிகிறது என்பது புதியவர்களுக்குப் பெரிய மர்மம். 'லெஃப்ட் ஜட்ஜ்மெண்ட்' என்பார் மாஸ்டர். அது வருகிற வரைக்கும் நான் ஓட்டத் தெரிந்தவள் ஆக மாட்டேன் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். ஆனால் மாசி வீதிகளில் நிற்கிற கார்களின் இடது கதவைப் பாருங்கள். கோடு விழாத கதவு அபூர்வம். சிலவற்றில் கோட்டுக்கு மேல் கோடு, வேறு வேறு வண்டிகளின் பெயின்ட்டோடு. எல்லாம் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களின் வண்டிகள். ஜட்ஜ்மெண்ட் அவர்களுக்கும் முழுசாக வந்துவிடவில்லை. அதற்காக அவர்கள் கவலைப்படுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது தெற்குவாசல் பாலம். காலை ஒன்பதரை மணிக்கு அந்த ஏற்றத்தில் வண்டிகள் நகர்வதைவிட நிற்பதுதான் அதிகம். முன்னால் ஷேர் ஆட்டோ, முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ், நடுவில் நான். கிளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும். பானட் லேசாக நிமிரும். கியர் கம்பியில் சின்ன நடுக்கம் தெரியும். அதுதான் ஆஃப் கிளட்ச். காலை அந்த இடத்திலேயே நிறுத்தி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் ஏறியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பஸ் டிரைவர் பக்கவாட்டில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவில் எனக்கு முதுகைக் காட்டி ஆறேழு பேர். என் வாழ்க்கையின் அந்த மகத்தான சாதனையைப் பார்த்தவர் பாலத்தில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது: பயம் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி தற்பெருமை. வண்டி ஆஃப் ஆனால் மதுரையே திரும்பிப் பார்க்கும், ஹாரன் அடிப்பவரெல்லாம் என்னைப் பார்த்துத்தான் அடிக்கிறார் என்று நானாகக் கற்பனை செய்துவைத்திருந்தேன். அந்த பஸ் டிரைவர் நான் வண்டி எடுப்பதற்கு முன்பும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தார். நான் போன பிறகும் அடிப்பார். ரிவர்ஸுக்கு ஓடிவந்தவர்களுக்கும் அடுத்த நிமிடம் என் முகம் ஞாபகம் இருக்காது. ஊர் தேவைப்பட்டால் உதவும். மற்ற நேரத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. இதைவிடப் பெரிய தைரியத்தை எந்த மாஸ்டரும் கொடுக்க முடியாது.

போன மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணம். நான்தான் ஓட்டினேன். எலியார்பத்தி டோல்கேட் வரைக்கும் வீட்டுக்காரர் மேட்டைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அதைத் தாண்டியதும் சத்தமில்லை. பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். "முன் சீட்டுல உக்காந்து தூங்காத, எனக்கும் தூக்கம் வரும்" என்று காலமெல்லாம் என்னைக் கண் அசரவிடாத மனுஷர்! என்னை இன்னும் கவனித்துக்கொண்டிருந்த ஒரே ஆளும் நம்பிக் கண்ணை மூடிவிட்டார் என்பதில் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒரு டேங்கர் லாரியை அவ்வளவு அழகாக ஓவர்டேக் செய்தேன். அதையும் அவர் பார்க்கவில்லை என்றதும் பொறுக்க முடியவில்லை. காரியாபட்டிக்கு முன்னால் தோளைத் தட்டினேன்.

"என்னங்க, தூங்காதீங்க. எனக்கும் தூக்கம் வரும்ல?"

"நான் எங்க தூங்குனேன்? ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். எவ்வளவு நேரம் தேர்டுலயே போவ? ஃபோர்த்தைப் போடு."

வண்டி ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருந்தது. "சரிங்க" என்றேன்.