ஓய்வுநாள் பள்ளி டீச்சரம்மாவுக்கு

ஏட்டி, ஓய்வுநாள் பள்ளிக்கு டீச்சரா வான்னு ஐயரு கூப்பிட்டாராமே? சம்பளம் என்னன்னு கேட்டியா? கேக்கலையா? அப்போ தேறிட்ட போ, அவரு தேடுன ஆளு நீதான்.

இங்கிலாந்துல குளோஸ்டர்னு ஒரு ஊரு. அங்கன ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரரு 1780ல இப்படி ஒரு பள்ளிக்கூடத்த நடத்துனாரு. வாரம் பூரா குண்டூசி ஆலையில வேலை பாத்த பிள்ளைக, ஞாயித்துக்கிழமை தெருவுல கிடந்து கூத்தடிக்குதுன்னு பிடிச்சு உக்கார வச்சு எழுத்துக் கூட்டப் படிச்சுக் குடுத்தாவ. சொல்லிக் குடுத்த பொம்பளைகளுக்கு ஞாயித்துக்கு ஒரு ஷில்லிங் கூலி. நம்ம ஊருக்குப் பாமாலை வந்துச்சு, கோயில் மணி வந்துச்சு, அந்தப் பள்ளிக்கூடமும் வந்துச்சு. ஷில்லிங் மட்டும் கப்பல விட்டு இறங்கலை பாத்துக்க.

வரும்படியே இல்லேன்னும் சொல்லக்கூடாது. கிறிஸ்மஸுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. நம்ம வீட்டு மிளகாப்பொடியும் உளுந்தும் உங்க ஆச்சி சம்பாதிச்ச டப்பாவுலதான் குடியிருக்கு. அசனத்தன்னைக்குப் பிள்ளைகளப் பந்தியில உக்கார வச்சு, பரிமாறி, கைகழுவ விட்டுட்டு நீ இலை முன்னால உக்காருவ. சோறு இருக்கும். கறி இருக்காது.

வசனம் சொல்லுங்கடான்னா அத்தனை பயலும் யோவான் 11:35தான் சொல்லுவான். மூணே வார்த்தைல்லா! ஆனா கேள்வி கேக்கதுல கெட்டிக்காரப் பயலுவ. ‘டீச்சர், நோவா பேழைய மரத்துலதானே செஞ்சாரு, கரையானும் சோடியா ஏறுச்சே, அது எதத் தின்னுச்சு?’ம்பான். அன்னைக்கு ராத்திரி நீ ஆதியாகமத்தத் தொறந்து உக்காருவ. எத்தனை பிரசங்கத்துல சொகமாத் தூங்கினவ நீ! ஐயராலயே ஆகாத காரியம், அரை டவுசர் போட்ட பய முடிச்சுருவான். உள்ளதச் சொன்னா, இந்த வேலையில கிடைக்க உருப்படியான கூலி அது ஒண்ணுதான்.

மத்தபடி, மீன்காரிகிட்ட வாயக் குடுக்க முடியாது, தண்ணிக் குழாயடியில சண்டை போட முடியாது. எந்தச் சந்துல திரும்புனாலும் ‘தோத்திரம் டீச்சர்’னு ஒரு வாண்டு நிக்கும்.

ஆச்சிகிட்டப் படிச்ச பய ஒருத்தன் இப்போ டவுன் பஸ்ஸுல கண்டக்டரு. பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட்டுக்குக் காசு கிடையாதே; ஆளை எழுப்பிவிட்டு அவளுக்குச் சீட்டும் பிடிச்சுக் குடுப்பான். நான் அவ பின்னால பதுங்கி ஏறுனா, ‘தாத்தா, எட்டாங் கற்பனையச் சொல்லிக் குடுத்ததே ஆச்சிதான், காச எடுங்க’ன்னு கைய நீட்டுதான்.