சாரோட கிளாஸ்மேட்

கூடப் படித்தவனே நமக்கு அதிகாரியாக வந்தால் அவனை எப்படிக் கூப்பிடுவது? சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் வேலை பார்த்த காலம் பூராவும் இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. மூங்கில்துறைப்பட்டு வட்டாரமே அவனை 'சார்' என்றது. எனக்கோ அவன், என் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்தவன். நாலு பேர் முன்னால் 'டேய்' என்றால் நன்றாக இருக்காது. 'சார்' என்று சொல்ல என் வாய் ஒத்துழைக்காது. ஆகவே பெயரும் இல்லாமல் மரியாதையும் இல்லாமல் பேசப் பழகிக்கொண்டேன். "கட்டிங் ஆர்டர் போட்டாச்சா?" "மணலூர்பேட்டை பக்கம் போற மாதிரியா?" "டீ குடிச்சிட்டு வரலாமா?" யாரைக் கேட்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டான். "வாடா, குடிக்கலாம்" என்பான், மேலதிகாரி எதிரில் நின்றாலும்.

பதவியால் வந்த மரியாதை அல்ல அது. கரும்பு முற்றிவிட்டதா என்று அவன் பார்க்கும் விதம் இருக்கிறதே, அதை ஒருமுறை பார்த்த விவசாயி வேறு ஆளை நம்ப மாட்டார். வரப்போரக் கரும்பு வெயிலும் காற்றும் கூடுதலாக வாங்கியது, அதை வைத்துத் தோட்டத்தைக் கணக்குப் போடக் கூடாது என்பான். சோகை கழுத்தை அறுக்க அறுக்க நடுத் தோட்டத்துக்குள் நுழைவான். ஒரு கரும்பில் அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் குத்திச் சாறெடுத்து, கையடக்கக் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவைப் படிப்பான். அடி 20, நுனி 14 என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் வெட்டலாம். பிறகு கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு அடுத்த பாருக்குப் போவான்.

நான் வரப்பிலேயே நின்று, கைக்கெட்டிய கரும்பை உடைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு '18' என்று எழுதிவிடுவேன். கோ 86032 ரகம்தானே, நன்றாகத்தான் இனிக்கும். அந்த 18-ஐப் பார்த்து எந்த விவசாயியும் வெட்டாள் விட்டதில்லை. வெட்டிய கரும்பு ஒரு நாளைத் தாண்டிக் கிடந்தால் எடையும் இறங்கும், சர்க்கரையும் இறங்கும்; நஷ்டம் அவர்களுக்குத்தானே. "நீங்க எழுதிக்குங்க சார், பெரிய சாரு வந்து பாத்துட்டா ஆள் உட்டுடறோம்" என்பார்கள் பணிவாக. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவன் பெரிய சார்.

ஓய்வு பெற்ற பிறகும் போன் அவனுக்குத்தான் போனது. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அன்று அவன் ஆற்றோரத்துக் கரும்புக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மோட்டாரைக் கழற்றச் சொல்லி, மாட்டை மேட்டுக்கு ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் சும்மா இல்லை. பாலம் ஒன்று இடிந்து விழும் வீடியோவை 'நம்ம ஊர், உஷார்' என்று எழுதி எல்லோருக்கும் தட்டிவிட்டேன். சற்று நேரத்தில் அழைத்தான். "டேய், அதுல ஓடற பஸ்ஸைப் பாத்தியா? போர்டு இந்தியில இருக்கு." வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டே போய்விட்டான். மாரடைப்பு.

போஸ்டர் வேலை என்னிடம் வந்தது. கூடப் படித்தவர், எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். பிறந்த தேதி வேண்டுமே. பள்ளிச் சான்றிதழில் இருந்த ஜூன் தேதியைக் கொடுத்தேன். எங்கள் காலத்தில் தலையைச் சுற்றிக் கை எதிர்க் காதைத் தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். சான்றிதழ்படி எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். "அவர் கார்த்திகையில பொறந்தவருண்ணா, தீபத்துக்கு மறுநாள்" என்றது தங்கச்சி, அதாவது அவன் மனைவி, போஸ்டர் ஒட்டிய பிறகு. முகவரியில் விழுப்புரம் மாவட்டம் என்று இருந்தது. அதற்கு என் சமாதானம்: நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது தென்னார்க்காடு, 1993-இல் விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. வீடு நகரவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. யாரும் ஏற்கவில்லை.

படம்தான் உச்சம். அவன் தனியாக நின்ற படம் என்னிடம் இல்லை. பிரிவு உபசார விழாவில் இருவரும் சேர்ந்து நின்றதைக் கொடுத்தேன். கடைப் பையன் என்னை வெட்டினான், முழுதாக வெட்டவில்லை. பஸ் நிலையம் முழுக்க அவன் அருகே என் தோளும் முக்கால் காதும் கண்ணீர் அஞ்சலி செலுத்தின. அடியில் 'இப்படிக்கு, ஆருயிர் வகுப்புத் தோழன்' என்று என் பெயர், அவன் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக. அளவை நான் சொல்லவில்லை. குறைக்கவும் சொல்லவில்லை.

படத்திறப்புக்குப் பேச வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் முறையாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க எழுத்தாளர் கி. ராஜநாராயணனை எடுத்தேன். அவரும் கு. அழகிரிசாமியும் இடைசெவல்காரர்கள், இருவரும் 1923 செப்டம்பரில் பிறந்தவர்கள். அழகிரிசாமி 1970-இல் 46 வயதில் போய்விட்டார். 'அன்பளிப்பு' தொகுப்புக்கான சாகித்ய அகாதமி விருதே அவர் இறந்த பிறகுதான் வந்தது. கி.ரா. அதன்பின் 2021 வரை இருந்தார், நண்பனைப் பேசியபடியும் எழுதியபடியும். அழகிரிசாமி எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து புத்தகமாகவும் கொண்டுவந்தார். இதைப் படித்ததும் எனக்கும் வேகம் வந்து, அவன் எனக்கு எழுதியதைத் தேடினேன். வாட்ஸ்அப்பில் இருந்திருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று போன் அடம்பிடித்தபோது நான்தான் மொத்தமாக அழித்திருந்தேன். பாலம் இடியும் வீடியோ மட்டும் பத்திரமாக இருந்தது.

பேசவும் பேசினேன். நான் எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வென்றது, நான் சைக்கிளிலிருந்து விழுந்தது, எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் அவன் எங்கோ ஓரமாக நின்றான், கைதட்டியபடியோ கை கொடுத்தபடியோ. இறங்கியதும் அவன் மகன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன்." ஒலிபெருக்கி சரியில்லை, உனக்குக் கேட்டிருக்காது என்று சொல்லிவிட்டேன்.

முதல் முறையாக மேடையில் அவனை 'சார்' என்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் யாருக்கும் அது தனியாகத் தெரியவில்லை. அவர்கள் எப்போதும் சொல்வதுதானே.

இப்போது நான் அந்த வார்த்தையில்தான் பிழைக்கிறேன். போன வாரம் ஒரு வங்கியில் நீண்ட வரிசை. கவுன்ட்டரில் இருந்த பையன் கரும்புக்கார வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் முன்னால் போய், "நான் சாரோட கிளாஸ்மேட்டுப்பா" என்றேன். "அப்படிங்களா! உக்காருங்க ஐயா" என்று நாற்காலி போட்டான். பின்னால் நின்ற அம்மா ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "அவரு போயி வருஷமாவப் போவுது, இன்னுமா அவர் பேரச் சொல்லிக்கினு முன்னாடி போறீங்க?"

நியாயமான கேள்வி. நான் உட்கார்ந்துகொண்டேன்.