இமை முடியில் பூச்சி வளர்ப்பு: கேமரன் மலை, கோலா தெர்லா பண்ணையாளர் கையேடு

முட்டைக்கோசும் தக்காளியும் போட்டு மழையோடும் விலையோடும் மல்லுக்கட்டும் அண்ணன்மாரே, கொழுந்தெடுத்து முதுகு ஒடிந்த அக்காமாரே! கடன் வாங்காமல், லாரி வாடகை கொடுக்காமல், படுத்துக்கொண்டே செய்யக்கூடிய விவசாயம் ஒன்று உண்டு. அதன் பெயர் டெமோடெக்ஸ் என்னும் இமைப்பூச்சி வளர்ப்பு.

ரகம்

தேயிலையைச் செம்பழுப்பாக்கும் சிவப்புச் சிலந்திக்கு இது தூரத்துச் சொந்தம். எட்டுக் கால். நீளம் சுமார் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்குச் சிக்காது. நெட்டை ரகம் இமை முடியின் வேர்ப்பையில் தலைகீழாகக் குடியிருக்கும். குட்டை ரகம் எண்ணெய்ச் சுரப்பிக்குள் புகுந்துகொள்ளும். 1842இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் சைமன் முகப்பருவை ஆராயும்போது இதைக் கண்டு எழுதினார்.

விதை

வாங்கவே வேண்டாம். பிறந்த குழந்தையின் இமை தரிசு. பெரியவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சக் கொஞ்ச விதை விழும். வயது ஏறினால் விளைச்சலும் ஏறும். எழுபதைத் தாண்டியவர்களில் அநேகமாக எல்லோரும் பண்ணையார்களே. சீக்கிரம் பெருக்க நினைப்பவர்கள் கல்யாண வீட்டில் ஒரே மை டப்பாவை அத்தை முதல் பேத்தி வரை சுற்றில் விடலாம். காலாவதியான மஸ்காராவைப் பொக்கிஷமாகக் காக்கலாம்.

உரம்

உங்கள் தோலின் செல்களும் எண்ணெய்ப் பசையும் போதும். இந்தப் பூச்சிக்குக் கழிவுத் துளையே கிடையாது, வாழ்நாள் கழிவெல்லாம் சாகும்போதுதான் கொட்டும் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2022இல் வந்த ஆய்வு, துளை உண்டு என்று காட்டி அந்த அவதூறைத் துடைத்தது.

பராமரிப்பு

பயிருக்கு வெளிச்சம் ஆகாது. நீங்கள் உறங்கிய பிறகு வெளியே வந்து, மணிக்கு 8 முதல் 16 மில்லிமீட்டர் வேகத்தில் நடந்து துணை தேடும். ஆகவே மையைக் கலைக்காமல் படுங்கள். குழாயைத் திறந்தாலே விரல் விறைக்கும் ஊரில் முகம் கழுவாமல் இருக்கக் காரணமா தேட வேண்டும்? தலையணை உறை தீபாவளிக்குத் தீபாவளி மாறினால் போதும். மருந்தடித்த கையால் மட்டும் கண்ணைக் கசக்காதீர்கள். பூச்சிக்கு முன்னால் கருவிழி வெந்துவிடும்.

விளைச்சல்

முடியின் அடியைச் சுற்றி உருளையாக ஒட்டிய வெள்ளைச் செதில்தான் முதல் அறிகுறி. பிறகு அரிப்பு, சிவந்த ஓரம், மணல் விழுந்த உறுத்தல், முடி உதிர்தல், அடிக்கடி கண்கட்டி. பாட்டி மிளகாய் சுற்றித் திருஷ்டி கழிப்பார். பயிருக்குச் சேதமில்லை.

நிலத்தைக் கெடுக்கும் மருந்துகள்

கோடாலித் தைலம், எலுமிச்சைச் சாறு, எச்சில், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்கு வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் நம் தோட்டத்துத் தேயிலையிலிருந்து வருவதல்ல. அது ஓர் ஆஸ்திரேலிய மரம். நம் சதுப்பு நிலத்துக் கெலாம் மரம் அதன் பங்காளி. காயு பூத்தே எண்ணெய் அந்தக் குடும்பத்துச் சரக்கு. டீ ட்ரீ எண்ணெயிலுள்ள டெர்பினென்-4-ஆல் இந்தப் பூச்சியைக் கொல்லும் என்பது மெய். நீர்க்கச் செய்யாத எண்ணெய் கண்ணைப் புண்ணாக்கும் என்பதும் மெய். இமைக்கென்றே தயாரான துடைப்பான் கடையில் இருக்கிறது. அதையும் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

பண்ணையின் எதிரிகள்

ஒருவர் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா? உஷார். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைத்திருக்கிறாரா? ஆபத்து நெருங்கிவிட்டது. பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவி, முடியடி ஓரத்தைத் துடைத்து, மறு கண்ணுக்கு வேறு துணி எடுக்கிறாரா? தினமும் இப்படிச் செய்பவரிடம் எந்தப் பண்ணையும் தழைத்ததில்லை.

ஆனால் அவராலும் பூச்சியைப் பூண்டோடு ஒழிக்க முடியாது. ஒழிக்கத் தேவையும் இல்லை. சும்மா கிடக்கும் பூச்சிக்கு மருத்துவர்கள் மருந்து எழுதுவதில்லை. எல்லை மீறும் பூச்சிக்கென்றே லோட்டிலானர் என்ற சொட்டு மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பண்ணையை மூடும் நேரம்

கண் வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அன்றைக்கே தானா ராத்தா மருத்துவமனைக்கு வண்டி ஏறுங்கள். சந்தை நாள், பறிப்பு நாள் என்று பார்க்காதீர்கள். தற்காலிக அனுமதியில் பயிரிடும் நிலம் பறிபோனால்கூட மாற்று நிலம் கேட்டு மனுப் போடலாம். கண்ணுக்கு மனு வாங்கும் ஆபீஸ் எந்த ஊரிலும் இல்லை.