மசில் பிரேக்கும் அடுத்தவர் காதும்: ஓர் இலக்கண, வரலாற்று, ஒழுக்கவியல் ஆய்வு (முதற்பகுதியின் முன்னுரைச் சுருக்கம்)

0. முன்னுரை

துப்பாக்கிக் குழலின் முனையில் திருகி மாட்டும் மசில் பிரேக் என்னும் விரல் நீள இரும்புத் துண்டைப் பற்றித் தமிழில் ஆய்வு நடந்திருக்கிறதா என்று இவ்வாய்வாளர் தேடிப் பார்க்கவில்லை. தேடாமலே “இத்துறையில் இதுவே முதல் ஆய்வு” என்று எழுதுவது மரபு. மரபு போற்றப்படுகிறது.

1. ஆய்வுப் பொருள்

குண்டு குழலை விட்டுக் கிளம்பியதும் அதன் பின்னாலேயே வெடிவாயு சீறிக்கொண்டு வரும். மசில் பிரேக் அந்த வாயுவை நேரே போகவிடாமல் பக்கவாட்டிலும் சற்றுப் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது. வாயு பின்னால் பாய்வதால் துப்பாக்கி முன்னால் இழுபடும். தோளில் விழும் உதை சில வடிவங்களில் பாதியாகக்கூடக் குறையும். சுட்டவர் பூரித்துப்போகிறார். வாயு எங்கே போயிற்று என்பது சுடுதளத்தின் பக்கத்து விரிப்பில் குப்புறப் படுத்திருப்பவருக்குத் தெரியும். அவர் மூக்குக் கண்ணாடி அதிர்கிறது, தொப்பி நகர்கிறது, குறி கலைகிறது. தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டு “தெரு சுத்தம்” என்பவரின் செயலோடு இது ஒப்புநோக்கத் தக்கது.

கருதுகோள்: உதை அழிவதில்லை, ஆள்தான் மாறுகிறது.

2. ஆய்வு எல்லை

லண்டன். பெரிய ரைபிளை நெடுந்தூரம் சுட விரும்பும் லண்டன்காரர் வாட்டர்லூவில் ரயிலேறி, புரூக்வுட்டில் இறங்கி, பிஸ்லி சுடுதளத்துக்குப் போகவேண்டியிருப்பதால், சர்ரேயின் அப்பகுதி இக்கட்டுரை முடியும்வரை லண்டனுடன் இணைக்கப்படுகிறது.

3. இலக்கணச் சான்று

உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகிறது என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். இப்பட்டியலில் மசில் பிரேக் இல்லை. இல்லாமையே வலுவான சான்று. ஊரறிந்த செய்தியை நூற்பாவாக்கி ஓலையை வீணாக்க ஆசிரியர் விரும்பியிருக்கமாட்டார்.

இனி மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. வெடியோசையோ சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். மாத்திரையாகிய கண்ணிமைப் பொழுதில் அரைக்காலுக்கும் தேறாது. ஆகவே அது எழுத்தன்று. எழுத்தல்லாதது புணர்ச்சி விதிக்குள் வராது. ஆயினும் பக்கத்து விரிப்பிலிருந்து உடனே எழும் சொல்லோடு புணர்ந்து, அச்சிலேற்ற முடியாத திரிபுகளைத் தருகிறது.

இதற்கெல்லாம் தனி இயலே வகுத்த நூல் ஒன்று இருந்தது. அதைக் கடல் கொண்டுவிட்டதால் பக்க எண் தர இயலவில்லை.

4. பாடபேதங்கள்

இல்லை.

5. வரலாறு

பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் 1859-இல் தொடங்கியது. 1860-இல் விம்பிள்டன் வெளியில் நடந்த முதல் போட்டியைத் தொடங்கிவைத்தவர் விக்டோரியா அரசி. விட்வொர்த் ரைபிளை ஒரு தாங்கியில் இறுகப் பூட்டி, விசையில் பட்டுக்கயிறு கட்டிக் கொடுத்தார்கள். அரசி கயிற்றை இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால், இலக்கின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிக் குண்டு பதிந்தது. உதை முழுவதையும் தாங்கியே வாங்கிக்கொண்டது. அரசியின் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உதையைப் பிறர் தலையில் கட்டும் கலைக்கு ராஜமுத்திரை விழுந்தது அன்றே என்பது பெறப்படும்.

விம்பிள்டனில் கூட்டம் பெருகியது, சுற்றிலும் வீடுகள் பெருகின. 1890-இல் சங்கம் பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. செஞ்சுரி தளத்தில் 600 கெஜம் வரையும் ஸ்டிக்கில்டவுன் தளத்தில் 1200 கெஜம் வரையும் சுடலாம். இடத்தேர்வின் நுட்பம் இன்னும் உணரப்படவில்லை: அருகில் இருப்பது, லண்டனில் இறந்தவர்களுக்காக 1854-இல் திறந்து, தனி ரயிலே விட்ட புரூக்வுட் இடுகாடு. இதைவிடப் பொறுமையான அண்டை அயலார் எச்சங்கத்துக்கும் வாய்த்ததில்லை.

6. மாக்சிம் இயல்

இங்கே நின்று பேசவேண்டியிருக்கிறது.

ஹைரம் மாக்சிம், 1884-இல் லண்டன் ஹாட்டன் கார்டன் பட்டறையில் தன் பெயர்கொண்ட இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். குடியிருந்தது தெற்கு லண்டனின் மேற்கு நார்வுட்டில். துப்பாக்கியை வீட்டுத் தோட்டத்திலேயே சோதிக்க வேண்டிவந்தபோது, அவர் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார்: தோட்டத்தில் துப்பாக்கியைச் சோதிக்கப்போகிறேன், கண்ணாடி உடையாதிருக்க அயலார் ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். சத்தத்தைக் குறைப்பதாக அதில் பேச்சே இல்லை. எனினும் முன்கூட்டிச் சொன்னார். சுடுதள ஒழுக்கத்தின் முதன்மைச் சான்று இதுவே.

இதில் மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது, திறந்த ஜன்னல் கண்ணாடியைக் காக்கும், காதைக் காக்குமா? காக்காது. ஆகவே அறிவிப்பு கண்ணாடியின் நலன் கருதியது, காதின் நலன் கருதியதன்று என்பர் ஒருசாரார். அற்றன்று, ஜன்னலை எழுந்துபோய்த் திறப்பவருக்கு ஊரைவிட்டே போய்விடும் எண்ணமும் உடன் தோன்றும். அதுவே உட்கிடை என்பர் மறுசாரார்.

இரண்டாவது, ஜன்னலே இல்லாத வீட்டார் என்ன செய்வது? மேற்படி கடல்கொண்ட நூலின் உரையாசிரியர் “உய்த்துணர்க” என்று நகர்ந்துவிட்டார். அவ்வுரை கிடைக்கவில்லை. ஆனால் அவ்வுரையை வரிக்குவரி மறுத்த இன்னோர் உரை இருந்தது. அதன் ஏட்டைக் கறையான் தின்றது. தின்றதில் செரிக்காமல் எஞ்சிய ஓரத்தில் “இது பொருந்தாது” என்னும் தொடர் மட்டும் இருந்ததாகவும், எது பொருந்தாது என்ற பகுதியைத் தின்ற கறையானின் வழிவந்தோர் அதே பெட்டியில் இன்றும் வாழ்வதாகவும் அறிகிறோம். நேர்காணலுக்கு இசைவு கேட்டிருக்கிறோம். மௌனம் சாதிக்கிறார்கள், துறைத்தலைவர்கள் சிலரிடம் கண்ட அதே மௌனம்.

மூன்றாவது, மாக்சிமின் சொந்தக் காது என்னவாயிற்று? போயிற்று. வாழ்நாளெல்லாம் துப்பாக்கியோடு பழகியவருக்குச் செவி கேளாமற்போனது. 1901-இல் சர் பட்டம் வந்தது. வாழ்த்தியவர்கள் உரக்க வாழ்த்தவேண்டியிருந்திருக்கும். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சருக்கு 1909-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அப்பா எழுப்பிய சத்தத்தை அடக்கப் பிள்ளை பிறக்கவேண்டியிருந்தது. ஆய்வு நெறியாளர்களுக்கு இப்படி மாணவர் வாய்ப்பதில்லை.

7. சட்டம்

பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், வெடியோசையைக் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள் சேர்த்தது. மசில் பிரேக் ஓசையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. ஆகவே அது அந்த வரையறைக்குள் வராது. அடக்கத்துக்கு அனுமதி கேட்கவைத்த சட்டம் ஆரவாரத்துக்குக் கேட்கவைக்கவில்லை. கல்விப்புலத்தில் இருப்போருக்கு இது புதிதல்ல.

2005-ஆம் ஆண்டுப் பணியிட இரைச்சல் விதிகள் உச்ச ஓசைக்கு 140 டெசிபல் என்று வரம்பு கட்டின. ரைபிள் வெடி அந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டும். டெசிபல் பத்துப் பத்தாகக் கூடும்போது ஓசையின் ஆற்றல் பத்துப் பத்து மடங்காகப் பெருகும் என்பதால், “கொஞ்சம்தான் கூடுதல்” என்று சொல்லும் மசில் பிரேக்காரர் கணக்கில் பலவீனமானவர் என்று கொள்க. எஃப் கிளாஸ் எனப்படும் நெடுந்தூரப் போட்டி விதிகள் மசில் பிரேக்கை அனுமதிப்பதேயில்லை. அங்கே அவரவர் உதை அவரவர் தோளுக்கு.

8. சுடுவோர் வகை

(அ) சொல்லிவிட்டுச் சுடுபவர். உத்தமர்.
(ஆ) சுட்டுவிட்டுச் சொல்பவர். மத்திமர்.
(இ) சுட்டுவிட்டு, “சத்தம் ரொம்பவோ?” என்று கேட்பவர். கேட்டவருக்குப் பதில் கேட்காது.

9. ஒழுக்க நெறிகள்

பொதுத் தளத்துக்கு மசில் பிரேக்கோடு வருபவர் வரிசையின் கடைசி இடத்தைப் பிடிக்கட்டும். ஒரு பக்கக் காதாவது தப்பும். பக்கத்தில் இருப்பவரிடம் முதல் குண்டுக்கு முன்பே சொல்லட்டும். அவர் மூச்சடக்கிக் குறிபார்க்கும்போது பொறுக்கட்டும். காதில் செருகும் அடைப்பானும் மேலே கவசமும் என இரட்டைக் காப்பு எல்லோருக்கும் வேண்டும். கீழ்ப்பக்கம் துளையில்லாத பிரேக்கை வாங்கினால் மண்ணாவது எழும்பாது. கூரை போட்ட தளமானால் ஓசை தகரத்தில் மோதித் திரும்பி வரும். அங்கே பிரேக்கைக் கழற்றிவைப்பதே பண்பு.

10. முடிவும் பரிந்துரையும்

இக்கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லை. அடிக்குறிப்பும் ஒரு மசில் பிரேக்தான்: எழுதியவர் மேல் விழவேண்டிய உதையை இருபுறமும் மேற்கோளாகத் திருப்பிவிடும். அவர் தோள் நோகாது. வாசகர் காது போகும்.

ஆகவே மேற்கண்ட நெறிகளைப் பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்கும் நீட்டிக்கப் பரிந்துரைக்கிறோம். பதிவுக்கட்டணம் செலுத்தியதால் மட்டுமே கட்டுரை படிக்க வந்தவர் வரிசையின் கடைசியில் அமரவேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும். தேநீருக்கு மணியடித்ததும் சுடுவதை நிறுத்தவேண்டும். தலைமையுரை ஆற்றுபவருக்கு மட்டும் பிஸ்லியிலேயே, இடுகாட்டுப் பக்கமாக, இடம் ஒதுக்கலாம்.