குமிழியில்லா மூச்சு

கே: கடற்படை முக்குளிப்பவர் குமிழியே விடாமல் எப்படி மூச்சு விடுகிறார்?

ப: விட்ட மூச்சையே திரும்ப இழுத்து! கரியமில வாயுவைச் சோடாச் சுண்ணாம்பு விழுங்கும். செலவான ஆக்சிஜனைச் சிலிண்டர் ஈடுகட்டும்.

கே: போரில் பலித்ததா?

ப: 1941 டிசம்பர், அலெக்சாண்ட்ரியா துறைமுகம். இந்தக் கருவியோடு நுழைந்த இத்தாலியர் ஆறே பேர். அவர்கள் வைத்த வெடியில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தரைதட்டின. ஆறு பேரும் பிடிபட்டார்கள் என்பது வேறு கணக்கு.

கே: சுத்த ஆக்சிஜன் நல்லதுதானே?

ப: ஆழம் கூடினால் விஷம், வலிப்பு வரும். அமெரிக்கக் கடற்படைக் கணக்கில் 25 அடியில் 240 நிமிடம், 50 அடியில் 10 நிமிடம். ஆழம் இரட்டித்தது, நேரம் எங்கே போனது பாருங்கள்!

கே: எனக்கு ஆக்சிஜன் நன்றாகவே தாங்குகிறதே?

ப: நேற்றா, இன்றா? பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்டு இரண்டாம் உலகப் போரின்போது சோதித்துப் பார்த்தார். ஒரே ஆள் தாங்கும் நேரமே நாளுக்கு நாள் மாறியது.

கே: நேற்றைய சுண்ணாம்பு மிச்சமிருக்கிறது. நிறம்கூட மாறவில்லை...

ப: கொட்டுங்கள். மாறிய நிறம் சும்மா கிடந்தால் பழையபடி திரும்பிவிடும். உறிஞ்சும் சக்தி திரும்பாது. புதியதையும் தட்டித் தட்டி நிரப்புங்கள். தளர்வாக இருந்தால் வாயு சந்து பார்த்து நழுவிவிடும். தண்ணீர் புகுந்தாலோ காரம் தொண்டைக்கு வந்து சேரும்.

கே: மூச்சுப் பையில் ஆக்சிஜன் நிரப்பிய பிறகும் ஏன் ஊதி ஊதி வெளியேற்றச் சொல்கிறார்கள்?

ப: உயிர்நாடியான கேள்வி. நுரையீரலிலும் பையிலும் காற்றின் நைட்ரஜன் மிச்சமிருக்கும். உடம்பு ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, நைட்ரஜன் மட்டும் அப்படியே நிற்கும். பை சுருங்காது, சுருங்காத பை புது ஆக்சிஜன் கேட்காது. மூச்சு முட்டுமே என்கிறீர்களா? முட்டாது. முட்டவைப்பது கரியமில வாயு. அதைத்தான் சுண்ணாம்பு எடுத்துவிட்டதே! திணறலே இல்லாமல் நினைவு தப்பும். பயிற்சியாளர் சொன்னபடி, சொன்ன தடவை, ஒன்றுகூடக் குறையாமல் ஊதி வெளியேற்றுங்கள்.

கே: வால்வு இறுகிக் கிடக்கிறது. கொஞ்சம் கிரீஸ்?

ப: உயர் அழுத்த ஆக்சிஜனும் சாதாரண கிரீசும் சேர்ந்தால் தீ. தண்ணீருக்குள் இறங்குமுன்னே வெந்துபோக ஆசையா?

கே: கடைசிச் சோதனை எது?

ப: நீரில் இறங்கியதும் கூட்டாளி உங்கள் கருவியைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். எங்காவது குமிழி கசிந்தால் கரையேறுங்கள். எதிரிக்கு அது அடையாளம். உங்களுக்கு அது ஓட்டை.

கே: மேலதிகாரி அவசரப்படுத்தினால்?

ப: காத்திருக்கச் சொல்லுங்கள். மூச்சு விடப்போவது அவரல்ல.